சாக்கு வியாபாரியின் கோஸ்தான்

காஜா பெராங், மலாக்கா.
24.4.1961

அன்பு மகள் கோகிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு வாய்வு, உன் அம்மாவுக்கு முட்டி வலி, இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் மாரியம்மன் புண்ணியத்தில் இருவரும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் அந்த வெள்ளைக்காரன் தேசத்துக் குளிரிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். சௌக்கியம் என்று நீ எழுதுகிற வரியை அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பாள், அதனால் அந்த வரியை மட்டும் அவசரத்தில் கிறுக்காமல் எழுது. மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிடங்கில் பழைய சாக்கும் தூசியும் எலியும் வழக்கம்போல. தம்பிராஜா நம் லோரியை ஓட்டுகிற நேரத்தைவிட அதற்குச் சந்தனப் பொட்டு வைக்கிற நேரம்தான் அதிகம். அவனைப் பற்றிப் பின்னால் வரும், நிறைய வரும்.

போன மாசம் நான் எழுதிய கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடாததில் தப்பும் இல்லை. நர்ஸ் பரீட்சை முடிந்ததும் ஜூன் மாசம் பத்து நாள் லீவு, கூடப் படிக்கிற இரண்டு பெண்களோடு கார் வாடகைக்கு எடுத்துக் கப்பலில் ஏற்றிப் பிரான்சு தேசத்துக்குப் போகிறோம், மூன்று பேரில் லைசென்ஸ் வைத்திருப்பது நான் ஒருத்திதான், அதனால் நான்தான் ஓட்டுவேன், போகலாமா அப்பா என்று மூன்று பக்கம் எழுதிக் கேட்டிருந்தாய். நான் நாலே வரியில், பொம்பளைப் பிள்ளைக்கு அயல்நாட்டில் கார் ஓட்டும் வேலை வேண்டாம், அப்பா சொன்னது சொன்னதுதான் என்று எழுதிப் போட்டேன். எப்போதும் கடிதத்தின் பின்பாதியை எழுதுகிற உன் அம்மா அன்றைக்குப் பேனாவைத் தொடவில்லை, அந்தப் பாதியை வெள்ளையாகவே ஒட்டி அனுப்பிவிட்டாள். அந்த வெள்ளைப் பாதி என் நாலு வரியைவிட உரக்கப் பேசியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. உன் தோழிகளுக்கு மே மாசக் கடைசிக்குள் நீ ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கிறது. அந்த முடிவைத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எந்தப் புஸ்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு, இதை அப்படிப் படிக்காதே, அப்பா கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் சயாமுக்குப் போய் வந்தோம். ஆமாம், காரில்தான். நாடு நமக்கென்று ஆன பிறகு எடுத்த பாஸ்போர்ட் பெட்டியில் கிடந்து மக்குகிறதே, ஒரு முத்திரையாவது விழட்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உண்மையில் சயாம் அரிசி ஆலைகளில் புதுச் சாக்கு எப்படி வருகிறது என்று பார்த்து வரலாம் என்பதுதான் எண்ணம். உல்லாசப் பயணம் என்று வெளியே சொன்னது சாக்கு, உள்ளே இருந்ததும் சாக்கு. நானும் அம்மாவும், வழிக்குத் துணையாக உன் கலியாணசுந்தரம் மாமாவும். மாமா ஆராவ் ரயில் ஸ்டேஷனில் பதினோரு வருஷம் டிக்கெட் கொடுத்தவர், சயாம்காரர்கள் வந்து போகிற இடம், அதனால் சயாம் பாஷை தமக்குத் தண்ணி பட்ட பாடு என்று உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன நாளிலிருந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டிப்போகாமல் முடியுமா.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். உனக்கு இருபத்து மூன்று வயசாகிறது, அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். எனக்குக் கோஸ்தான் வராது. காரைப் பின்னால் எடுப்பதற்கு நாமெல்லாம் சொல்கிற அந்தச் சொல்லை நீ அங்கே லைசென்ஸ் பரீட்சையில் சொல்ல, பரீட்சை வைத்தவர் திருதிருவென்று விழித்தார் என்று எழுதியிருந்தாய், அது வெள்ளைக்காரன் சொல்தானே, அவனுக்கே எப்படித் தெரியாமல் போயிற்று என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். பிறகு உன் வார்டில் படுத்திருந்த கிழ மாலுமி, அது கப்பல்காரச் சொல்லம்மா, கப்பலைப் பின்னால் செலுத்து என்று போடுகிற உத்தரவு என்று சொன்னாராமே. எந்த பாஷையில் சொன்னாலும் எனக்கு வராது. சண்டை முடிந்த புதிதில் நான் லைசென்ஸ் எடுக்கப் போன அன்று கொட்டுகொட்டென்று மழை, நேரே போய் நேரே வா என்றார்கள், போனேன், வந்தேன், கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கற்றுக்கொள்ள வெட்கம். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் எனக்கு வலது இடதாகிவிடுகிறது, கை ஒரு பக்கம் போனால் வண்டி மறு பக்கம் போகிறது.

ஆகவே பதினைந்து வருஷமாகப் பின்னால் எடுக்காமலே பிழைத்தேன். நம் வீட்டுப் பின்வேலியை உடைத்து இரண்டாவது வாசல் வைத்தேனே, வந்த வழியே லட்சுமி திரும்பிப் போகக் கூடாது என்று ஊரெல்லாம் சொன்னேனே, லட்சுமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறத்தான். அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு ஜவுளிக்கடை சிஹாபுதீன் பாய், லட்சுமின்னு நீங்க சொல்றீங்க, நாங்க பரக்கத்துன்னு சொல்றோம், வந்தது திரும்பப்படாது, அவ்வளவுதானே என்று தம் குசினிச் சுவரையே இடித்துப் பின்னால் ஒரு வாசல் வைத்தார். வைத்த வருஷம் அவருக்கு வியாபாரம் ஏறியது, நான் என்ன செய்ய. பசாருக்குப் போனால் காரை அரை மைல் தள்ளித் திறந்த வெளியில் விட்டுவிட்டு, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நடந்தேன். கிடங்கில் தினமும் காரைக் கழுவச் சொன்னேன், கழுவுகிற தம்பிராஜா அதைத் திருப்பி ரோட்டைப் பார்த்து நிறுத்தி வைப்பான், காரணம் கேட்டதில்லை. செங் தோட்டத்துக்கும் புக்கிட் ரம்பாய்க்கும் சைக்கிள் மிதித்துப் பழஞ்சாக்கு பொறுக்கி வந்தவன் நான், இன்றைக்கு என் கிடங்கில் இல்லாத சாக்கு இல்லை. வாயிலும் அப்படித்தான்.

சயாமுக்குப் போகிற வழியெல்லாம் இதே வித்தைதான். சாப்பாட்டுக் கடையை ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, நுழைந்த வழியாக வராமல் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்த்தேன். ஈப்போவில் நல்ல கோழிக் குழம்பு வாசனை வந்த மூன்று கடைகளைத் தாண்டிப் போய், இரண்டு பக்கமும் திறந்த ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் பிஸ்கோத்துத் தின்றோம். மாமா முனகினார். அம்மா கடை வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். சுங்கை பட்டாணியில் மாமாவின் சிநேகிதர் வீட்டில் தங்கி, மறுநாள் சித்திரை ஒன்று, குளித்து, புது வேட்டி, அம்மா மாம்பழ நிறத்தில் புதுச் சேலை, பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து எல்லையைத் தாண்டினோம். முத்திரை குத்துகிற அதிகாரி சிரித்த முகமாகக் குத்தினார்.

அன்றைக்குத்தான் சயாம்காரர்களுக்கும் வருஷப் பிறப்பு என்பது ஆராவ் ஸ்டேஷனில் பதினோரு வருஷம் இருந்த மாமாவுக்குத் தெரியவில்லை. அவர்கள் வருஷப் பிறப்பன்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி, கன்னத்தில் வெள்ளை மாவு பூசுவார்களாம், அது ஆசீர்வாதமாம். எல்லை தாண்டி முதல் பசாரில் மெதுவாகப் போகிறேன், ஒரு பெண்பிள்ளை வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து கார் ஜன்னலுக்குள் கையை விட்டு என் தோளில் குளுகுளுவென்று ஊற்றிவிட்டுக் கும்பிட்டாள். வேட்டி நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் கத்தப் போனேன். கத்தாதீங்க மாப்பிள்ள, ஏதோ தோஷம் கழிக்கிறாங்க போல என்றார் மாமா. அப்படியானால் தோஷம் உங்களுக்கும் இருக்கும், ஜன்னலை இறக்குங்கள் என்றேன். அவர் இறக்கவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் ஆறு, அதன் மேல் பலகைப் பாலம், ஒரு வண்டி போகிற அகலம். நான் பாலத்தில் ஏறிப் பாதி தாண்டிவிட்டேன், எதிரே ஒரு பஸ் ஏறிவிட்டது. பஸ் நிறைய ஜனம், கூரை மேலும் ஜனம், அதன் பின்னால் மாட்டு வண்டிகள், சைக்கிள்கள், கோயிலுக்குப் போகிற கூட்டம். எனக்குப் பின்னால் காலி ரோடு, ஒரு நாய்கூட இல்லை. பஸ் ஓட்டுகிறவன் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னான். மாமா கண்ணாடியை இறக்கி, ரொம்ப மரியாதையாக, தாவ் ராய், தாவ் ராய் என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் கையால் பஸ்ஸைக் காட்டி இன்னும் உரக்கச் சொன்னார், இன்னும் சிரித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன், வழி விடச் சொன்னேன் என்றார். அன்று மாலை ஓட்டலில் மலாய் தெரிந்த ஒருவர் சொன்னபிறகுதான் தெரிந்தது, என்ன விலை என்று கேட்டிருக்கிறார். நடுப் பாலத்தில் நின்று உன் மாமா அந்த பஸ்ஸுக்கு விலை கேட்டிருக்கிறார்.

பிறகு பஸ் ஓட்டுகிறவன் இறங்கி வந்தான். இரண்டு உள்ளங்கையையும் என் கார் மூக்குக்கு நேரே வைத்துத் தள்ளுகிற மாதிரி காட்டி, கோஸ்தான், கோஸ்தான் என்றான். கோகிலா, அந்த நாட்டில் எனக்குப் புரிந்த சொல் அது ஒன்றுதான். இங்கிலீஷ்காரனுக்கே தெரியாத சொல், சயாம் காட்டில் பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. உலகத்தில் எங்கே போனாலும் அந்தச் சொல் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது.

நான் மலாயில், முதலில் பாலத்தில் ஏறியது நான், நியாயம் என் பக்கம் என்றேன். அவன் பின்னால் இருந்த மாட்டு வண்டிகளைக் காட்டினான். மாடு கோஸ்தான் போகாது என்று எனக்கும் தெரியும். அதற்குள் பஸ் ஜனம் இறங்கிவிட்டது. கோபத்தோடு வந்தால் நானும் கோபப்படலாம், அவர்கள் சிரித்துக்கொண்டு கிண்ணமும் மாவுமாக வந்தார்கள். ஒரு கிழவர் என் இரண்டு கன்னத்திலும் மாவு பூசினார். ஒரு அம்மாள் தலையில் ஊற்றினாள், காலையில் இட்ட விபூதி மூக்கு வழியாக இறங்கியது. கார் அசையவில்லை. கடைசியில் நான் என் பழைய சாக்கையே எடுத்தேன். உங்கள் பக்கம் போங்கள், என் வண்டியில் ரேடியேட்டர் சூடாகிவிட்டது, ஆறினால்தான் நகரும் என்றேன்.

பின் சீட்டிலிருந்து உன் அம்மா, மூவார்லயும் ரேடியேட்டர்தானே என்றாள். அவ்வளவுதான். கதவைத் திறந்து இறங்கினாள், புதுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். நவுருங்க என்றாள். எங்கே நகர்வது, எதற்கு நகர்வது என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை, மாமா மடிமேல் பாதி உட்காருகிற மாதிரி நகர்ந்தேன். அவள் ஏறி, இருக்கையை ஒரு இழு இழுத்து முன்னால் போட்டாள், கண்ணாடியைத் திருப்பினாள், இடது கையை எங்கள் தலைக்குப் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினாள். நாக்கு நுனியை லேசாகக் கடித்துக்கொண்டாள். அந்த நாக்கு நுனியை எனக்குத் தெரியும். லோரியைக் கிடங்குக்குள் கோஸ்தான் எடுக்கும்போது தம்பிராஜா அப்படித்தான் கடிப்பான். கார் ஒரு நூல் பிசகாமல், பலகைச் சட்டத்தில் உரசாமல், பாலம் முழுக்கப் பின்னால் போய்க் கரையில் ஓரமாக ஒதுங்கி நின்றது. பஸ் ஜனம் கைதட்டியது. பஸ் ஓட்டுகிறவன் எங்களைத் தாண்டும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டு உன் அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனான். எனக்கு ஒரு கும்பிடும் இல்லை.

கூட்டம் போனபிறகு மாமாவை ஆற்றங்கரையில் முகம் கழுவ அனுப்பிவிட்டு, இது என்ன என்று கேட்டேன். அவள் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள், அதன் அடியில் மடித்து வைத்திருந்த லைசென்ஸை எடுத்தாள். அஞ்சலை என்று பெயர் போட்டு, இரண்டு வருஷம் முன்பு வாங்கியது. செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போகிறாள் என்று நான் ஊரில் பெருமை பேசினேனே, கோயிலில் கால் மணி நேரம், மீதி நேரமெல்லாம் உஜோங் பாசிர் மைதானத்தில் தம்பிராஜாவோடு லோரி. லோரியிலேயே பழகிவிட்டதால் கார் அவளுக்குத் தள்ளுவண்டி மாதிரி. முதல் தடவையிலேயே பாஸ். வெயில் நாளில், இரண்டு கம்புக்கு நடுவில் கோஸ்தான் எடுத்துக் காட்டி வாங்கியது என்று சொன்னாள். நான் மழையில் வாங்கிய கதையைத் தம்பிராஜா ஏற்கெனவே சொல்லிவிட்டிருக்கிறான்.

ஏன் கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னதைத்தான் நான் உனக்கு எழுத வேண்டும், இவ்வளவு தூரம் சுற்றி வந்தது அதற்குத்தான். நீ கப்பல் ஏறிய அன்று நாங்கள் சிங்கப்பூருக்கு நேரத்தில் வரவில்லை. முதல் நாளே மாமாவோடு போய்விட்ட நீ கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று மாமா சொன்னார். மூவாரில் ரேடியேட்டர் சூடாகிவிட்டது என்று உனக்கு எழுதினேன். அது பொய். கோப்பி குடிக்கப் போய், ஒரு முட்டுச் சந்தில் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்திவிட்டேன். பின்னால் எடுக்கத் தெரியவில்லை. அதை உன் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. யாராவது லோரிக்காரன் வருவானா என்று ஒரு மணி இருபது நிமிஷம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விசிறினேன். ஒருவன் வந்தான், அம்மா கை கழுவப் போன சமயம் பார்த்து அவனை எடுத்துத் தரச் சொன்னேன். காரை ஏற்றி ஆற்றைத் தாண்டுகிற பெரிப் படகு அதற்குள் போய்விட்டது. துறைமுகத்துக்கு வந்தபோது கப்பலின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. உன்னை ஏற்றிய அவ்வளவு பெரிய கப்பல் கோஸ்தான் எடுத்துத் துறையை விட்டது, உன் அப்பனுக்கு ஒரு மோரிஸ் காரைச் சந்திலிருந்து எடுக்க முடியவில்லை.

நீ போவதில் எனக்கு இஷ்டமில்லாததால்தான் வேண்டுமென்றே தாமதித்தேன் என்று நீ மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா அந்த ஆற்றங்கரையில் சொன்னாள். அவளுக்கு மட்டும் எழுதினாயாம். எனக்குத் தெரியாது, தாயி. உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை என்பது நிஜம், ஆனால் அன்றைக்கு வழியெல்லாம் நான் ஓட்டிய வேகம் உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் சந்திலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாளாம், நான் வெட்கப்படுவேன் என்று சொல்லவில்லையாம். இன்னொரு தடவ எம்புள்ளயப் பாக்கப் போறப்ப வண்டி நின்னுச்சுன்னா நானே எடுத்துக்கிட்டுப் போயிரலாம்னு கத்துக்கிட்டேன் என்றாள். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டாள். சொங்க்லா வரை அவள்தான் ஓட்டினாள், நான் பின் சீட்டில் மாவு காய்ந்த கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன். கடல் பார்த்தோம். ஐந்து நாள் அந்த ஊரில் இருந்து ஒரு சாக்கைக்கூட நான் தொட்டுப் பார்க்கவில்லை.

இப்போது முடிவு. நீ போய் வா. போன கடிதத்தில் எழுதிய நாலு வரியையும் வாபஸ் வாங்குகிறேன். பாலத்தில் எனக்குப் பின்னால் காலி ரோடு இருந்தும் நகராமல் நின்றேன், உன் விஷயத்திலும் அதையேதான் செய்தேன். பிரான்சில் வண்டிகள் நமக்கு எதிர்ப் பக்கம் போகுமாமே, ரொம்ப யோசிக்காதே, சோறு சாப்பிடுகிற கைப் பக்கமே போ. சந்திப்பில் திரும்பும் முன் ஒரு தடவை கையைப் பார்த்துக்கொள், பசிக்கிற நேரமானால் இன்னும் நன்றாக ஞாபகம் வரும். வண்டியை வாங்கும்போது சுற்றி நடந்து டயரைத் தட்டிப் பார், ஸ்பேர் டயரையும் பார். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்து. உன் தோழிகளில் பிரெஞ்சு தெரியும் என்று சொல்லுகிறவள் யாரோ, அவளைப் பின் சீட்டில் உட்கார வை. யாராவது ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஊற்றினால் உடனே கத்தாதே, முதலில் அந்த ஊரில் அன்று என்ன நாள் என்று கேள். சாப்பாட்டுக் கடையை வாசனை பார்த்துத் தேர்ந்தெடு, வாசலைப் பார்த்து வேண்டாம்.

இங்கே வந்ததிலிருந்து தினமும் காலையில் நான் உஜோங் பாசிர் மைதானத்துக்குப் போகிறேன். பக்கத்தில் உன் அம்மா, பின்னால் நின்று கை காட்ட தம்பிராஜா. மொதலாளி, நான் எடது சொன்னா எடது என்று அவன் என்னை அதட்டுகிறான், பதினைந்து வருஷம் கார் கழுவியதற்கு இப்போது சேர்த்து வாங்கிக்கொள்கிறான். ஒரு தென்னை மரத்தில் இடித்தேன், மரத்துக்கு ஒன்றுமில்லை. வீட்டுப் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. சிஹாபுதீன் பாய் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன அப்பாசாமி, லட்சுமி திரும்பிப் போனா பரவாயில்லையா என்று கேட்கிறார். பத்து வருஷமாகக் குசினிச் சுவர் இல்லாமல் சமைக்கிற மனுஷரிடம் உண்மையைச் சொல்ல முடியுமா, வெயில் அதிகம் பாய் என்று உள்ளே வந்துவிட்டேன்.

மாரியம்மனும் நம் குலதெய்வமும் உனக்கு வழித்துணை இருக்கட்டும். பரீட்சையில் நல்லபடி தேறு, நல்லபடி போ, நல்லபடி திரும்பு. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: படிப்பு முடிந்து நீ ஊர் வருகிறபோது கப்பல் எத்தனை மணிக்குச் சிங்கப்பூரில் நிற்கும் என்று ஒரு மாசம் முன்னதாகவே எழுதிவிடு. நாங்கள் முதல் நாளே வந்து நிற்போம்.

ஆசீர்வாதத்துடன் உன் அப்பா,
மு. அப்பாசாமி

கோகிலாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு ஓரத்தில்தான் இடம் விட்டிருக்கிறார். தென்னை மரம் ஒன்றில்லை, மூன்று. பிரான்சிலிருந்து நீ ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.
அஞ்சலை